மூன்று முறை தட்டிய கதவு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. அரசியல் கட்சிகள் அல்ல. அரசியலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஏழு பாகங்களாக வந்த ஒரு மாயாஜாலக் கதையின் கடைசிப் பக்கத்தில் கதவைத் தட்டியது யார் என்பதில்தான் பிளவு. சண்டை முடிந்து, திருகோணமலைத் தெருக்களில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. பெரியவர்களுக்குச் சண்டை பிடிக்க வேறு விஷயம் கிடைக்கவில்லையாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புத்தகங்களைக் கொண்டுவந்தவர் சின்ன மாமா. துறைமுகத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் அவருக்கு வேலை. கொழும்புக்குப் போய் வரும்போதெல்லாம் அந்தக் கதையின் தமிழ் மொழிபெயர்ப்பில் அடுத்த பாகம் வந்துவிட்டதா என்று கடை கடையாகத் தேடுவார். ஒரு பிரதிதான், வாசிக்க ஐந்து பேர். மாமா திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடித்துவிடுவார். பிறகு அம்மா, பிறகு பெரியம்மா, பிறகு பெரியம்மாவின் மகனான அண்ணா, எல்லோருக்கும் கடைசியில் நான். என்னிடம் வரும்போது பக்கங்களில் அம்மாவின் குழம்புக் கறையும் பெரியம்மாவின் தையல் நூலும் இருக்கும். எனக்கு முன்னால் வாசித்தவர்கள் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்பது சத்தியம். அண்ணா சொல்ல மாட்டான். ஆனால் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அது சொல்வதைவிட மோசம்.

கதை இதுதான். ஒரு தீவை மூடுபனி சூழ்ந்திருக்கிறது. பனிக்குள் போனவர்கள் திரும்புவதில்லை. பனிக்குள்ளேயே வாழும் பனி மனிதர்கள் அவ்வப்போது வந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டும் போவார்கள். மூன்றாம் பாகத்தில், போனவர்களைத் தேடிக்கொண்டு, கரையில் விளக்கேற்றி வழிகாட்டும் விளக்குக்காரியின் கணவன் பனிக்குள் இறங்குகிறான். அதற்குப் பிறகு நான்கு பாகங்களுக்கு அவள் விளக்கை அணையவிடாமல் காத்திருக்கிறாள். ஏழாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பனி விலகுகிறது. கதவு மூன்று முறை தட்டப்படுகிறது. 'விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்தாள்' என்பது கடைசி வரி.

அவ்வளவுதான். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அச்சகத்தின் முகவரி. கொஞ்ச நேரம் அதையும் கதையின் தொடர்ச்சி என்று நினைத்து வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து பெரியம்மா வீட்டில் சாப்பிட்ட கையோடு வாதம் தொடங்கும்.

"நாலு பாகமா விளக்கு எரிச்சிருக்கிறாள். அவன் வராமல் வேற ஆர் வாறது?" என்பார் மாமா.

"பனி விலகினால் பனி மனுசரும் வெளியால வருவினம்தானே," என்பார் அம்மா.

அண்ணா அம்மாவின் கட்சி. ஐந்தாம் பாகத்தில் பனி மனிதர்கள் மூன்று தரம் தட்டித்தான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்கள் என்று பக்க இலக்கத்தோடு சொல்வான். முதலாம் பாகத்தில் கலியாணத்துக்கு முன்னால் அவள் கணவனும் மூன்று தரம்தான் தட்டினான் என்று மாமா எதிர்ப் பக்கம் காட்டுவார். நான் மாமாவின் பக்கம். ஆக இரண்டுக்கு இரண்டு. பெரியம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவார்.

மெஷினுக்கு மேலே சுவரில் பெரியப்பாவின் படம் இருந்தது. பெரியப்பா நான் பிறக்கும் முன்பே காணாமல் போனவர். மட்டக்களப்புக்குப் போனவர், கனடாவுக்குப் போனவர் என்று சொல்வதைப் போலத்தான் அதுவும் என் காதில் விழுந்தது. மற்ற வீடுகளில் செத்தவர்களின் படத்துக்கு மாலை போட்டிருக்கும். பெரியப்பாவின் படத்துக்கு மாலை இல்லை. ஏன் என்று ஒரு தரம் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

மாமாவுக்குக் கட்டாரில் வேலை கிடைத்ததும் விஷயம் முற்றியது. புறப்படுமுன் ஏழு புத்தகங்களையும் வென்ற கட்சிக்குக் கொடுத்துவிடுவதாக அவர் அறிவித்தார். எங்கள் கட்சி வென்றால் எனக்கு, அம்மாவின் கட்சி வென்றால் அண்ணாவுக்கு. பெரியம்மாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் அலுமாரியில் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளை அகற்றி ஏழு புத்தகங்களுக்கு இடம் அளந்து வைத்தேன். அந்தப் புத்தகங்கள் கிடைக்காவிட்டால் உயிர் வாழ ஏலாது என்றே அப்போது நம்பினேன்.

எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கதவு தட்டினால் ஒருவர் என்ன செய்வார்? எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கேற்றடியில் நின்று சங்கிலியை ஆட்டி, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவார்கள். தெரிந்தவர்கள் என்றால் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கதவு தட்டும் சத்தத்தையே நான் கேட்டதில்லை. விளக்குக்காரி பயந்து எழுந்தாளா, சந்தோஷத்தில் எழுந்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? சரி, தட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சங்கிலி சத்தம் போடாமல் கேற்றைத் திறந்தேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவை மூன்று முறை தட்டினேன்.

மெஷின் நின்றது. கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார்! ஆனால் காலடி கதவை நோக்கி வரவில்லை. குசினிப் பக்கம் குசுகுசுவென்று ஏதோ பேச்சு, பிறகு பின்கதவின் தாழ்ப்பாள். திரும்பவும் மூன்று முறை தட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பொறுக்க மாட்டாமல் யன்னல் திரையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன்.

பெரியம்மா அறையின் நடுவில் கதவைப் பார்த்தபடி நின்றார். கையில் அடையாள அட்டைகள் வைக்கும் பிளாஸ்டிக் உறை. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். கதைக்காகத் தட்டிய எனக்கு எதற்கு அடையாள அட்டை என்று வியப்பாக இருந்தது.

"நான்தான் பெரியம்மா," என்றேன்.

கதவு திறக்க வெகு நேரமானது. பெரியம்மா என்னைப் பார்த்தார், என் பின்னால் தெருவைப் பார்த்தார், பிறகு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கிணற்றடியிலிருந்து அண்ணா வந்தான். பதினேழு வயது ஆண்பிள்ளை, முகம் வெளிறிப் போயிருந்தது.

"விசரி! இனி இப்பிடி விளையாடாதை," என்றான்.

"ஆர் பிள்ளை உனக்குத் தட்டச் சொல்லித் தந்தது?" என்று பெரியம்மா கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. கதைக்காகத்தான். அவள் ஏன் எழும்பினவள் எண்டு பாக்க."

"எத்தினை தரம் தட்டினனீ?"

"மூண்டு."

"ஓம்," என்றார் பெரியம்மா. "மூண்டுதான்."

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. "உனக்கு அந்தப் புத்தகங்கள் அவ்வளவு விருப்பமோ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். ஒரு பிடி கச்சான் கடலை தந்து அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு தீர்ப்பு வந்தது. "அவள்ட மனுசன்தான் வந்தவர்," என்றார் பெரியம்மா. நான் கதிரையில் ஏறிக் குதித்தேன். மாமா குதிக்கவில்லை, வென்றவரைப் போலவே அவர் இருக்கவில்லை. அம்மா பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு வெறும் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். தோற்ற கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் பாகத்தை மட்டும் பெரியம்மா இரண்டு நாள் வைத்திருந்து தந்தார். வீட்டில் வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தால், 'அவள் எழுந்தாள்' என்பதற்குக் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது. பெரியம்மாவின் சாய்ந்த கையெழுத்து.

'ஆரெண்டு கேட்டிட்டுத் திற பிள்ளை.'

எனக்குச் சரியான கோபம். புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று எங்கள் பள்ளி நூலகத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும். பெரிய மனுசிக்கு இது தெரியாதா? அழிறப்பரை எடுத்து, தாள் கிழியாதபடி மெல்ல மெல்லத் தேய்த்து அழித்தேன். தூளை ஊதிவிட்டு அலுமாரியில் ஏழாவதாக அடுக்கினேன். பெருமையாகக்கூட இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குப் போக உடுப்பு அடுக்கிய நாளில்தான் அம்மா சொன்னார். ஒரு நாள் விடியற்காலையில் பெரியம்மா வீட்டுக் கதவு மூன்று தரம் தட்டப்பட்டிருக்கிறது. அண்ணா அப்போது கைக்குழந்தை. பெரியப்பாவோடு வேலைக்குப் போகும் கூட்டாளி வந்திருப்பான் என்று நினைத்துப் பெரியம்மாதான் போய்த் திறந்திருக்கிறார். வந்தவர்கள் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"ஆரெண்டு கேக்காமல் திறந்திட்டன் எண்டு இண்டைக்கும் சொல்லுவா," என்றார் அம்மா.

உடுப்பை அப்படியே விட்டுவிட்டு அலுமாரியைத் திறந்து ஏழாம் பாகத்தை எடுத்தேன். பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் திரும்ப எழுதிவிடலாம் என்று பென்சிலும் எடுத்தேன். எழுதவில்லை. அவ்வளவு காலமும் என்னிடம் ஒருவரும் சொல்லாததைப் பெரியம்மா ஒரே ஒரு வரியாக எழுதி என் கையில் தந்திருந்தார். புத்தகம் அழுக்காகிவிட்டதே என்றுதான் எனக்கு அன்று கவலை.