பின்னால் படுத்துப் பார்த்த பூலோகம்

பூலோகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. தாராவியில் பிறந்து, அங்கேயே படித்து, பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தவர். முதலில் கல்யாணக் கூட்டத்தையும் ஏர்போர்ட் போகிறவர்களையும் ஏற்றினார். செல்போனில் கூப்பிடும் டாக்ஸிகள் வந்து அந்தப் பிழைப்பு போனதும் நோயாளிகளை ஏற்ற ஆரம்பித்தார். அவருடைய குவாலிஸ் வண்டியில் நடு சீட்டைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கம் ஆள் நீட்டிப் படுக்க மெத்தை போட்ட பலகையும், மறுபக்கம் கூட வருகிறவர் உட்கார ஒரு சீட்டும் வைத்திருக்கிறார். கூட வருகிறவள் பெரும்பாலும் நான்தான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுத்து, முப்பத்தெட்டு வருடமாக அதையே செய்துவருகிறேன்.

ஓட்டுநர்களில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய், சயானிலிருந்து வாஷி வரை ரோட்டில் புதிதாக விழுந்த பள்ளங்களைப் பார்த்து வருவார். பெரிய பள்ளங்களுக்குப் பெயரும் உண்டு. சுன்னாபட்டியில் இருப்பது வாத்தியார், ஏனென்றால் சொல்லாமல் அடிக்கும். மான்குர்த்தில் இருப்பது மாமியார், அடி ஒன்றோடு நிற்காது. வண்டி அங்கே நெருங்கும்போது, “வாத்தியார் வாராரு, பிடிச்சுக்கிடுங்க” என்று பின்னால் பார்த்துக் குரல் கொடுப்பார். வலியில் முனகிக்கொண்டு வருகிறவர்கள்கூட அதற்குச் சிரித்துவிடுவார்கள்.

வண்டி அவருடைய பெருமை. வேறு யாரையும் ஸ்டியரிங் பக்கம் விடமாட்டார்.

மாட்டுங்காவில் இருக்கும் விசாலாக்ஷி மாமியை வாரம் மூன்று நாள் வாஷிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது எங்கள் வேலை. அவருக்கு இடம் கிடைத்தது அங்கேதான். சிறுநீரகம் கெட்டு எலும்பும் பலமிழந்து, முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். ஆம்புலன்சில் ஒருமுறை போய்ப் பார்த்து, அது வேண்டவே வேண்டாம் என்று பூலோகத்தின் வண்டிக்கு வந்தவர். இரண்டு வருடம் குறை சொல்லாமல் வந்தார். ஆனால் கொஞ்ச நாளாக வண்டி அடியில் தடதடவென்று சத்தம். ஒரு சனிக்கிழமை திரும்பிவரும்போது மாமி உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தார். செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது புடவைகூட மாற்றவில்லை.

“நான் இனிமே வரலை, பூலோகம். மெஷின்ல நாலு மணி நேரம் கிடக்கறது எனக்கு ஒண்ணுமில்லை. உன் வண்டியில வர அம்பது நிமிஷம்தான் தாங்கலை.”

“வண்டி நல்லாத்தானே ஓடுது மாமி? ஸ்டியரிங்கப் பிடிச்சா எனக்குத் தெரியாதா?”

“நீ முன்னாடி ஸ்டியரிங்கைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருக்கே. ஒருநாளாவது என் இடத்துல படுத்துப் பார்த்திருக்கியா?”

 வண்டி வாங்கிப் பதினெட்டு வருடத்தில் பூலோகம் பின்னால் உட்கார்ந்ததுகூட இல்லை.

மாமியின் கணவர் நாணு மாமா எவ்வளவோ கெஞ்சினார். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வெளியே வந்து நான் மாமாவிடமும் பூலோகத்திடமும் உள்ளதைச் சொன்னேன். டயாலிசிஸ் சனிக்கிழமை செய்தது, இன்றைக்குப் போயிற்று. வியாழக்கிழமையும் போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கெஞ்சுவதற்கு ஆள் இருக்கமாட்டார். பூலோகம் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்.

நானும் கூட ஏறிக்கொண்டேன், நேராகச் செம்பூர். அங்கே நஜிமுதீன் என்பவர் கராஜ் வைத்திருக்கிறார், பூலோகத்தின் வண்டியை முதல் நாளிலிருந்து பார்க்கிறவர். ஷாக் அப்சார்பரைப் பார்த்தார், சரியாக இருந்தது. சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். இந்த மாதிரி வண்டியில் கீழே இரும்புச் சட்டம் தனி, மேலே நாம் உட்காரும் கூடு தனி. கட்டிலும் மெத்தையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து இடத்தில் தடித்த ரப்பர் துண்டுகள் இருக்கும், பாடி புஷ் என்கிறார்கள். அவை அப்பளமாக நசுங்கி வெடித்துக் கிடந்தன. இரும்பின் மேல் இரும்பு நேராக இடித்துக்கொண்டிருந்தது.

நஜிமுதீன் மேஜைமேல் இரண்டு புஷ்களை வைத்தார். ஒன்று கறுப்பு ரப்பர். இன்னொன்று மஞ்சள் நிறம், பாலியூரித்தேன், கராஜில் பியூ என்கிறார்கள். ரப்பர் ஐந்தாறு வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டும், டீசல் பட்டால் ஊறும், வெயிலில் வெடிக்கும். பியூவுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை, வண்டி இருக்கும்வரை இருக்கும் என்றார். பூலோகத்தின் கை மஞ்சளுக்குத்தான் போனது. பியூ போட்ட ஜீப் ஒன்று அங்கேயே நின்றிருந்தது. அதை எடுத்துக்கொண்டு தேவ்னார் வரை போய்வந்தார். இறங்கும்போது முகம் நிறையச் சந்தோஷம்.

“அக்கா, தண்டவாளத்துல போற மாதிரி போகுது. ஆட்டமே கிடையாது. ஏக்தம் பக்கா. பியூவே போட்டுருவோம்.”

நஜிமுதீன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பூலோகமே அவரை நிறுத்திவிட்டார். “நான் முன்னாடில்லா உக்காந்து பாத்தேன்” என்றார். பிறகு குவாலிஸிலிருந்து மாமியின் மெத்தையை உருவி ஜீப்பின் பின்னால் விரித்து, மல்லாந்து படுத்துக்கொண்டு, சாவியை நஜிமுதீனிடம் நீட்டினார்.

“பாய், நீ ஓட்டு. அக்கா, நீங்க பக்கத்துல உக்காருங்க.”

புது மெத்தை போட்டால் நோயாளியின் இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பார்ப்பது என் பழக்கம். எதில் எவ்வளவு அழுத்துகிறது என்று கைக்குத் தெரியும். பூலோகத்துக்கு அடியிலும் அப்படியே விட்டேன். பள்ளத்தில் தடதடப்பு இல்லை, ஒரே ஒரு ‘டக்’. ஆனால் கான்கிரீட் ரோட்டில் ஏறியதும் தரையிலிருந்து ஒரு மெல்லிய நடுக்கம் நிற்காமல் வந்தது. மான்குர்த் போவதற்குள் என் விரல் எலும்பெல்லாம் அதிர்ந்தது. பூலோகம் எழுந்து உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் கூசுகிறது என்றார்.

பக்கத்துச் சந்தில் ஒரு கேட்டரிங்காரரிடம் அதே மாடல் ஜீப், போன மாதம் புது ரப்பர் போட்டது, இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, அதே மெத்தையில், அதே ரோட்டில் மறுபடி படுத்தார். வளைவில் உடம்பு லேசாக உருண்டது. பள்ளம் வந்தபோது யாரோ மெதுவாகத் தள்ளிய மாதிரி இருந்தது. நடுக்கம் என் கைக்கு வரவில்லை.

நஜிமுதீன் எச்சரித்தார். “அண்ணாச்சி, ரப்பர் போட்டா வளைவுல ஆடும். அஞ்சு வருசத்துல திரும்ப எங்கிட்டத்தான் வரணும். அப்ப என்னைய ஏசக் கூடாது.”

“ஆட்டத்த நான் பாத்துக்கிடுதேன் பாய். வளைவுல மெதுவாப் போனாச் சரியாப் போச்சு. நடுக்கத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? அது எங்கிட்ட வராது. நேரா மாமி முதுகுக்குல்லா போகுது.”

புதன்கிழமை முழுக்க அதே வேலை. துருப்பிடித்த போல்ட் ஒன்று மட்டும் அரை நாளைத் தின்றது. கூட்டை ஒரு பக்கமாகத் தூக்கி, மரக்கட்டை கொடுத்து, பழையதை எடுத்துப் புது ரப்பரை வைத்தார்கள். எதையும் இனிமேல் கழற்றவே முடியாதபடி முறுக்குவது பூலோகத்தின் வழக்கம். நஜிமுதீன் அவர் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார். அளவுக்கு மேல் நெருக்கினால் ரப்பரும் கட்டையாகிவிடும், பிறகு பியூவே போட்டிருக்கலாம் என்று திட்டினார். முடிந்ததும் பூலோகம் தன் வண்டியிலேயே, மாமியின் இடத்தில் படுத்துக்கொண்டார். அந்த வண்டியை இன்னொருவர் ஓட்டி அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மாமியின் முகம் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. அப்போதும் வரமாட்டேன் என்றார். பூலோகம் கட்டிலருகே போய் நின்றார்.

“மாமி, நான் படுத்துப் பாத்துட்டேன்.”

“எங்கே?”

“உங்க இடத்துல. செம்பூர்லேருந்து மான்குர்த் வரைக்கும். நீங்க சொன்னது நெசந்தான்.”

மாமி அவரையே பார்த்தார். பிறகு என்னிடம் புடவையை எடுக்கச் சொன்னார். “சுன்னாபட்டியில திருப்பச் சொன்னா திருப்பணும்” என்றார். பூலோகம் தலையாட்டினார்.

போகும்போது என் உள்ளங்கை மாமியின் இடுப்புக்கு அடியிலேயே இருந்தது. வாத்தியார் வருகிறார் என்று பூலோகம் அன்றைக்குக் குரல் கொடுக்கவில்லை. சயான் கடந்தது. சுன்னாபட்டியில் வண்டி மெதுவாக இறங்கி மெதுவாக ஏறியது. மாமி கண்ணை மூடியிருந்தார். கடித்திருந்த உதட்டை எப்போதோ விட்டிருந்தார். செம்பூர் தாண்டும்போது லேசாகக் குறட்டை கேட்டது. கண்ணாடியில் பூலோகம் என்னைப் பார்த்தார், நான் விரலை உதட்டில் வைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து மாமி கண் விழித்தார். “ஏன் பூலோகம், வாத்தியார் இன்னும் வரலையா?”

“வாத்தியாரும் போயாச்சு, மாமியாரும் போயாச்சு. இது வாஷி பாலம், மாமி.”

மாமி தலையைத் தூக்கி ஜன்னலில் பார்த்தார். கீழே கழிமுகத்துத் தண்ணீர் தெரிந்தது. “அடப் பாவி” என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு அவர் உடம்பிலிருந்து மூன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். திரும்பும்போது மாமி படுக்க மறுத்துவிட்டார். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார வைத்தேன். சுன்னாபட்டியில் அந்த வாத்தியார் எப்படித்தான் இருக்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். பூலோகம் வண்டியை ஓரம் கட்டிக் காட்டினார்.