மூன்று மாத அல்ஜீப்ரா

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. எனக்குப் பதினாறு வயது. எட்டாவது வரை படித்திருந்தேன். அவருக்குப் பத்தொன்பது. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் மட்டும் தவறிவிட்டார். மறுபடி எழுதுவதற்காகப் பாலக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் நான் ராகி அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் அல்ஜீப்ரா புத்தகத்தை உரக்க வாசித்தார். "அடுத்தடுத்து வரும் மூன்று எண்களின் கூட்டுத்தொகை எழுபத்திரண்டு. அவ்வெண்கள் யாவை?" இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இருபத்திமூணு, இருபத்திநாலு, இருபத்தஞ்சுங்க." என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தார். "எப்படிப் புள்ள சொன்ன?"

"பெரிய எண்ணுல ஒண்ண எடுத்துச் சின்னதுக்குக் குடுத்துட்டா மூணும் சமமாயிடுதுங்க. அப்புறம் மூணால வகுத்தா நடு எண்ணு வந்துடும்."

"பரிச்சையில எக்ஸ் போட்டுல்ல எழுதணும்?"

"அப்ப அந்த நடு எண்ணையே எக்ஸுன்னு வெச்சுக்கங்க."

சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மூன்று மாதம், தினமும் சமையலறைத் தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டோம். அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்களுக்கு வித்தியாசம் முப்பத்தொன்று என்று ஒரு கணக்கு வந்தது. அதில் நான் திணறினேன். பக்கத்தில் குந்தி வரிவரியாக அவர்தான் விளக்கினார். பதினைந்து, பதினாறு என்று விடை வந்தபோது குழம்பு அடிப்பிடித்திருந்தது. அத்தை கத்தியது எங்கள் காதிலேயே விழவில்லை.

தேர்வில் தேறினார். தேறியதால் பட்டாளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடிய கரிவாயு பஸ்ஸில் ஏறிப் போனவர் மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தார். கடிதங்களில் நலம் என்பதற்குமேல் ஒன்றும் இருக்காது. ஒரு கணக்கு எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வரவில்லை.

திரும்பி வந்தவர் மெலிந்திருந்தார். பேச்சும் குறைந்திருந்தது. ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அதெல்லாம் மறந்துடுச்சு புள்ள. பக்கத்து வூட்டுப் பையன் படிக்கறானே, அவனுக்குக் குடுத்துடு."

கொடுத்துவிட்டேன்.

நாற்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம். என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனாலும், பரீட்சைக்குப் பயந்துகொண்டிருந்த அந்தப் பத்தொன்பது வயசுக்காரரைத்தான் என் மனசு தேடிக்கொண்டே இருந்தது. கண்ணெதிரே கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனிதருக்காகவே ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?