தவிட்டாயி என்று ஒரு பெயர்

என் பெயரை முதல் தடவை கேட்கிறவர்கள் யாரும் ஒரு தடவையோடு விட்டதில்லை. "என்ன பேரு?" என்று மறுபடி கேட்பார்கள். தவிட்டாயி என்று மறுபடி சொல்வேன். சிலர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள், சிலர் அடக்க மாட்டார்கள். அடக்காதவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். அவர்களிடம் மேற்கொண்டு நடிக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயருள்ள இன்னொருத்தியை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சமயபுரத்தில் பூச்சொரிதல் கூட்டத்தில், யாரோ "தவிட்டாயி" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். பக்கத்தில் நின்ற பல் போன கிழவி ஒருத்தியும் திரும்பினாள். கூப்பிட்டது அவளைத்தான். நான் திரும்பியதைக் கவனித்தவள் என் கன்னத்தை வழித்து, "உன்னையும் வித்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளைச் சீண்ட ஒரு பேச்சு உண்டு. உன்னை நாங்கள் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினோம் என்பார்கள். பிள்ளை அழும், எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் தூக்கிக் கொஞ்சுவார்கள். மற்ற வீடுகளில் அது கேலி. எங்கள் வீட்டில் அது நடந்த காரியம்.

எனக்கு முன்னால் என்னைப் பெற்றவளுக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றும் தக்கவில்லை. மூன்றுக்கும் நல்ல சாமி பெயராகத்தான் வைத்திருந்தார்கள். நான் பிறந்ததும், பிள்ளை தக்காத வீட்டு வழக்கப்படி என்னை விற்றார்கள். அப்போது மண்ணச்சநல்லூரில் குடியிருந்தோம். வாங்கியவள் ரைஸ் மில்லில் அரிசி புடைக்கிறவள். பெற்றதில் ஒன்றையும் பறிகொடுக்காதவள். அப்படிப்பட்டவள்தான் வாங்க வேண்டுமாம். ஒரு முறம் தவிட்டை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, இது என் பிள்ளை, வளர்த்துக் கொடு என்று பெற்றவள் கையிலேயே கொடுத்தாளாம். தவிடு மாட்டுக்குப் போயிற்று, பெயர் எனக்கு வந்தது. எமன் வந்து தேடினால் அந்த வீட்டில் பெற்ற பிள்ளை என்று எதுவும் கிடையாது. இருப்பது தவிட்டு விலைக்குப் போன அடுத்தவள் பிள்ளை. அதை யார் சீந்துவார்கள்? பெயருக்குப் பொருள் அவ்வளவுதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விற்ற பிள்ளை, விற்றவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. பெற்றவளை அக்கா என்றும், மில்லுக்காரியை ஆத்தா என்றும் கூப்பிடத்தான் என் நாக்கைப் பழக்கினார்கள். அப்பாவை அப்பா என்று கூப்பிடத் தடை இல்லை. எமனுக்குத் தாய்மார்களை மட்டும்தான் அடையாளம் தெரியும் போலிருக்கிறது.

அக்கா அந்த ஒப்பந்தத்தில் இம்மியும் பிசகவில்லை. எண்ணெய் வைத்தாள், தலை பின்னினாள், காய்ச்சல் வந்தால் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் மடியில் போட்டுக் கொஞ்சியதில்லை. தீபாவளிக்குப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றால், மில்லு ஆத்தா வாங்கிக் கொடுத்தது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஊரை ஏமாற்ற அல்ல, எமனுக்காக. எனக்கு அது அப்போது எப்படித் தெரியும்? உண்மையிலேயே நான் யார் வீட்டிலோ இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். கூடத்தில் அவளுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு பாய் அகலம் இடம் இருந்தது.

அப்பாவுக்கு காந்தி மார்க்கெட் அரிசி மண்டி ஒன்றில் வேலை கிடைத்ததும் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டோம். அடையவளஞ்சான் வீதியில் வீடு. பள்ளிக்கூடத்தில் பாதிப் பெண்களுக்குக் கோயில் தாயார் பெயர், மீதிப் பேருக்கு அவளுடைய வேறு வேறு பெயர்கள். ஒன்றைக் கூப்பிட்டால் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். என் பெயரைக் கூப்பிட்டால் நான் மட்டும்தான்.

ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அவளைத் தவிட்டுக்கு வாங்கியதாக வீட்டில் அண்ணன் சொல்லிவிட்டானாம். டீச்சர் அவளை அணைத்துக்கொண்டு, அசடே, அதெல்லாம் விளையாட்டு, தவிட்டுக்கு யாராவது குழந்தையை விற்பார்களா என்றார். வகுப்பு மொத்தமும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. அழுதுகொண்டிருந்தவளும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கிணற்றடிப் பக்கம் தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தேன். யாரும் விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

டீச்சர் நல்லவர். மனசு கேட்காமல் அக்காவை வரச் சொல்லி அனுப்பினார். அக்கா வந்து வகுப்பு வாசலிலேயே நின்றாள்.

"குழந்தைக்கு வேற நல்ல பேரா வெச்சுக்கப்படாதோ?" என்று கேட்டார் டீச்சர். "நீங்கதானே இவ அம்மா?"

"இல்லைங்க, அக்கா" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அக்கா, பேர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கேட்டைத் தாண்டும்போது ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் இறங்கியபோது அடியில் இருந்தது வேறு. எனக்கு ஒரு அம்மா வேண்டும் என்று இருந்தது.

விற்ற பிள்ளையைத் திரும்ப வாங்கவும் வழக்கம் உண்டு. பிள்ளை தப்பிப் பிழைத்துவிட்டது என்று மனசுக்குத் தைரியம் வந்ததும், விற்றவள் ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். இதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா காதில் விழாத மாதிரி எழுந்து போய்விடுவாள். அவள் வாங்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரி, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அந்த வயதில் எல்லாம் சுலபம்.

பள்ளிக்கூட லீவில் ஒரு நாள், பின்வீட்டுப் பால்காரம்மாவிடம் தவிடு கேட்டு வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு, கொள்ளிடம் தாண்டி டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்ந்தேன். ஆத்தா மில் களத்தில் இருந்தாள். தலை, புருவம் எல்லாம் உமித்தூசி. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சரக்கே வந்து தன்னை விலைக்குக் கேட்கிறது என்று மற்றப் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினாள். தவிட்டை முறத்தில் வாங்கிக்கொண்டு என் தலையில் கை வைத்தாள்.

"போத்தா. இனிமே நீ எம் புள்ள இல்ல. பெத்தவ புள்ள."

அதைக் கேட்கத்தான் போனேன். கேட்டதும், இருந்த ஒரு தாயையும் கையால் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் நின்று, "அம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முகத்தில் சந்தோஷம் ஒரு நொடி வந்ததா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பயம் வந்தது நிச்சயம். என்ன செய்தேன் என்று என் வாயாலேயே சொல்ல வைத்தாள். அடிக்கவில்லை. நறுக்கிய காயைத் தண்ணீரில்கூடப் போடாமல், வீட்டைப் பூட்டி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மில் களத்தில் அத்தனை பேர் முன்னால், இவளைத் திரும்ப எடுத்துக்கொள் என்று ஆத்தாவிடம் கெஞ்சினாள். ஆத்தா அவளை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் பேசினாள். பிள்ளை தோளுக்கு வளர்ந்துவிட்டது, இனிமேல் என்ன பயம், கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றாள்.

"மூணும் என்னைய அம்மான்னு கூப்பிட்டுச்சுங்க அக்கா" என்றாள் என்னைப் பெற்றவள். "கூப்பிடப் பழகுன பொறவுதான் ஒண்ணொண்ணாப் போச்சு. இவ கூப்பிட வேண்டாம். இருந்தாப் போதும்."

களத்தில் முறங்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஆத்தா எழுந்து போய் ஒரு முறம் தவிடு கொண்டுவந்து அக்காவின் முந்தானையில் கொட்டினாள். என்னைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தி, பழையபடி அவள் கையில் கொடுத்தாள். இரண்டாவது தடவையாக நான் விற்கப்பட்டேன். முதல் தடவை எனக்கு நினைவில்லை, இது நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பும்போது அக்கா தவிட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்காம்மா என்று கண்டக்டர் கேட்டதற்கு, ஆமாம் என்றாள். ஒரு கை மூட்டையின் மேல், ஒரு கை என் மணிக்கட்டில். வீடு வந்து சேரும்வரை இரண்டையும் விடவில்லை. பால்காரம்மா வீட்டு மாடு தவிட்டைத் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு வந்து, நறுக்கி வைத்துக் கறுத்துப்போன வாழைக்காயையே பொரியல் செய்தாள்.

எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் தனிமை போகவில்லை. அவள் என்மேல் உயிரை வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அந்தப் பாய் அகலத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பது, தெரியாமல் படுத்திருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மீட்டுவிடலாம் என்றார் அப்பா. கல்யாணம் ஆகட்டும் என்றாள் அக்கா. மணவறையில் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். பிறகு எனக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்றாள். பிறந்தது. அதற்குள் ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாரிடம் போய் வாங்குவது? அக்காவுக்கு அதில் நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

புகுந்த வீட்டில் வந்த அன்றே என் பெயரை மாற்றியிருந்தார்கள். அழகான பெயர், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அப்பாவும் காலமான பிறகு, என்னைத் தவிட்டாயி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சம் இருந்தாள்.

அறுபதுகளின் கடைசியில் திருச்சி ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தாள். இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. கூப்பிட்டுப் பாருங்க, உங்க குரலுக்குத் திறந்தாலும் திறப்பாங்க என்றாள் நர்ஸ். இனிமேல் எமனுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. என் மகளே என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்தச் சொல்லோடுதான் குனிந்தேன். ஆனால் அம்மா என்று கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பேசாமல் போய்விடுவாளோ என்று பயம் வந்துவிட்டது.

அக்கா என்றேன். கண்ணைத் திறந்து, "என்ன தவிடு" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.