மூன்று ஸ்டேஷன்களும் கோவிந்தம்மாவின் இட்லியும்

ஆலம்பேட்டுக்காரர்களுக்குப் பெருமைப்பட அதிகம் ஒன்றும் கிடையாது. கேட்டால், "எங்க ஊருக்கு மூணு ஸ்டேஷன்" என்பார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

ஊரை ஒட்டி ஆரணியாறு. முக்கால்வாசி வருடம் வெறும் மணல். மழைக்காலத்தில் மட்டும் அதற்குப் பேய் பிடிக்கும். வெள்ளைக்காரன் ஆற்றங்கரையிலேயே கட்டிய முதல் ஸ்டேஷனை ஒரு ஐப்பசி வெள்ளம் பெஞ்சோடும் மணியோடும் இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டாவதைத் தென்கரை மேட்டில் கட்டினார்கள். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் முளைத்ததும், என்ன நினைத்தார்களோ, மூன்றாவதைப் பாலம் தாண்டி வடகரையில் கட்டி, மேட்டு ஸ்டேஷனைப் பூட்டிவிட்டார்கள்.

வெள்ளம் வந்தபோது கோவிந்தம்மா புதுப்பெண். ஸ்டேஷன் கூரை பாலத்தில் மோதித் தூள்தூளானதைக் கண்ணால் பார்த்தவள். அன்றிலிருந்து அந்தப் பாலத்தைத் தாண்டுவதில்லை என்று முடிவு. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு, மேட்டு ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை போட்டு இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தாள். ரயிலை நம்பிப் பிழைத்தவள், ரயிலில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

ஸ்டேஷன் இடம் மாறியபோது பிளாட்பாரக் கடையைத் துளசிராமன் என்ற கான்ட்ராக்டர் எடுத்தார். அவருடைய இட்லியை எறிந்தால் நாய்க்குக் காயமாகும். கோவிந்தம்மா பழைய இடத்தைவிட்டு அசையவில்லை. சுடுகாட்டில் சுண்டல் விற்கிறாள் என்று ஊரே சிரித்தது.

ஆனால் புது ஸ்டேஷனின் வெளிக் கைகாட்டி சிக்னல் வந்து நின்ற இடம் எது தெரியுமா? கோவிந்தம்மா அடுப்புக்கு நேர் எதிரே. உள்ளே பாதை காலியாகும்வரை ரயில் அங்கே நிற்க வேண்டும். மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி இரும்பாலைக்குப் போகிற நானும் என் கூட்டாளிகளும் குதித்து ஓடிப்போய் நாஷ்டா முடித்துவிடுவோம். கொஞ்ச நாளில் ஸ்டேஷன் மாஸ்டர் ஆதிநாராயணனுக்கும் ருசி தெரிந்துவிட்டது. சம்சாரம் பள்ளிப்பட்டில், மனுஷருக்கு ஓட்டல் சாப்பாடு. பிறகென்ன? மாஸ்டருக்கான இட்லிப் பொட்டலம் எஞ்சினில் ஏறும், டிரைவர் நீளமாக விசில் அடிப்பார், அதற்கப்புறம்தான் கைகாட்டி இறங்கி வழிவிடும். இந்திய ரயில் ஒரு கெட்டிச் சட்னிக்குக் கட்டுப்பட்டு நடந்த காலம் அது.

துளசிராமன் சும்மா இருப்பாரா? வருகிற கூட்டம் ஏப்பத்தோடு வருகிறதே. மேலே மனுப் போட்டார். ஆதிநாராயணனுக்குச் செம டோஸ் விழுந்தது.

மறுநாள் கைகாட்டி முன்னாடியே இறங்கிக் கிடந்தது. ரயில் நிற்கவில்லை. கதவில் தொங்கியபடி பார்த்தேன். ஆவி பறக்கும் தட்டோடு நின்றவள் கையை ஆட்டக்கூட இல்லை. அன்று ஆலம்பேட்டு மாடுகள் சட்னி தொட்டுக்கொண்டு சாப்பிட்டன. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் அடுப்பே புகையவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வாள் என்று பெட்டியில் பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை மீஞ்சூரில் ரயில் ஏறினால், எனக்கு முன்னால் கோவிந்தம்மா. விடியுமுன் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். தலையில் கூடை, இடுப்பில் சட்னித் தூக்கு, மடியில் சீசன் டிக்கெட். ரயில் நின்ற இடத்தில் எல்லாம் பெட்டி மாறி மாறி விற்றாள். டிக்கெட் பரிசோதகரும் இரண்டு பொட்டலம் முடித்துவிட்டுத்தான் சட்டம் பேசினார்.

ஆறு நெருங்க, எங்கள் பெட்டிக்கு வந்தவள் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"பாலம் தாண்டிடுச்சா?"

இன்னும் பாதிகூட வரவில்லை என்றேன்.

"பொய்யாச்சும் சொல்லக்கூடாதா நைனா" என்றாள்.

வடகரையில் காலிக் கூடையோடு இறங்கி, துளசிராமன் கடை முன்னால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவருடைய இட்லியை அன்று ஒருவரும் சீண்டவில்லை. மறுநாளும் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது அப்போதுதான்.

மாதம் திரும்புவதற்குள் துளசிராமன், ஆதிநாராயணன் காலில் விழாத குறை. ரயிலை முன்போல வெளியே நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். மாஸ்டர் ரூல் பேசினார். மாஸ்டருக்கு என்ன, அவர் பொட்டலம் இப்போது சூடாக நேரிலேயே வந்துகொண்டிருந்தது. கடைசியில் துளசிராமன், ரயிலிலிருந்து இறங்கிய கோவிந்தம்மாவையே மடக்கினார். நான் ஜன்னலோரம் இருந்தேன். பழைய மேட்டுக்கே போய்விடும்படியும், ரயில் அங்கே நிற்க எத்தனை மேலதிகாரியை வேண்டுமானாலும் தானே பார்ப்பதாகவும் சொன்னார்.

கோவிந்தம்மா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு ஓடிக்கினே வித்துப் பழகிடுச்சு மொதலாளி. வோணும்னா நீ அங்க போயி கடையப் போடு. எடம் காலியாத்தான் கீது."