சவிரிமுத்து குரைக்கிறார்

குளிர் அறைக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திவிட்டு, முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் உறைந்த பாரை மீனுக்கும் நடுவே நின்று சவிரிமுத்து மூன்று முறை குரைத்தார். முதலாவது சந்தேகம். இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது அவருக்கே பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் குரைத்தார். பிறகு ஒரு பெட்டி வெண்டைக்காயைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுமே நடவாததுபோலக் கடைக்குள் வந்தார்.

"சவிரியண்ணை, கடைசிக் குரைப்பு இஞ்சைவரைக்கும் கேட்டது" என்றார் காசுப் பெட்டியில் இருந்த ஷிரோமி. வரிசையில் நின்ற ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது, அண்ணை ஒத்திகை பார்க்கிறார் என்று.

ஐம்பத்தெட்டு வயது. மன்னார்க்காரர். கட்டையான உடம்பு, வெயில் காலத்திலும் காதை மூடும் கம்பளித் தொப்பி. மரக்கறி அடுக்குவதும் லொறியில் வந்ததை இறக்குவதும் வேலை. "ஒபர்வில்லியே கிட்டங்கிக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ" என்று முதலாளி சொன்னால் "ஓம்" என்பார். "நாளைக்கு லீவு தர ஏலாது" என்றாலும் அதே "ஓம்"தான். நாடு விட்டு நாடு வந்ததும் வீடு மாறியதும் கல்யாணம் கட்டியதும் யாரோ சொல்ல, இவர் ஓம் என்று தலையாட்டி நடந்தவைதாம்.

அப்படிப்பட்டவர் குரைக்கத் தொடங்கியது தற்செயல். கடைக்குப் பின் தெருவில், ஒரு சலூனுக்கு மேலே உள்ள அறையில் சின்னதாக ஓர் இணைய வானொலி இயங்குகிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறது. அதை நடத்தும் தவரத்தினம் பல வருடம் அலுவலகக் கட்டடங்களைக் கூட்டித் துடைத்தவர். துடைக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைக் கேட்டவர். குதிரை, துவக்கு, புழுதி, தனி மனிதன். கேட்டுக் கேட்டுத் தலைக்கேறி, தானே ஒன்று எழுதினார்: ஊர் ஊராகப் போகும் ஒரு கௌபோயும் அவன் பின்னால் ஒட்டிக்கொண்ட தெருநாயும். பாலைவனத்தில் தெரு ஏது என்று யாரும் கேட்கவில்லை. டெக்சாஸ் முழுவதும் யாழ்ப்பாணத் தமிழ் பேசியது. ஞாயிறு பூசை முடிந்து வந்த சனம் கேட்கிற நேரம் என்பதால், கௌபோய் மதுக்கடைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு போய், "அண்ணை, ஒரு பிளேன்ரீ" என்று பால் விடாத தேநீர் கேட்டுக் கர்ஜித்தான்.

முதல் நாள் ஒலிபரப்பில் நாய்க்காகக் கணினியில் வைத்திருந்த குரைப்பு ஒட்டவில்லை. "இது பிரெஞ்சு நாய். கேக்கவே தெரியுது" என்று தவரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். கடையிலிருந்து ரோல்ஸ் கொண்டுவந்து கதவடியில் நின்ற சவிரிமுத்து, தட்டைக் கீழே வைக்காமலே ஒரு முறை குரைத்தார். தவரத்தினம் ஒலிவாங்கியை அவர் பக்கம் திருப்பினார். அந்தக் குரைப்பில் பசி இருந்தது, அடிவாங்கிய நினைவு இருந்தது, கொஞ்சம் மானமும் இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுகளில் அவர் மத்தியானம் சாப்பிடுவதில்லை. தெருநாய் வயிறு நிறைந்து குரைத்தால் கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. "நாய் பட்டினியெண்டா நீங்களும் பட்டினியே? இந்த வயதிலை உங்களுக்கு என்ன கோதாரி?" என்று மனைவி அற்புதமலர் கறிச்சட்டியை ஓங்கி மூடுவார். ஆனாலும் அவரும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வானொலியை வைத்துக்கொண்டு கேட்பார். தெருவில் வெள்ளைக்கார மதாம்கள் இழுத்துப்போகும் நாய்களுக்குச் சவிரிமுத்து முதலில் பொன்ஜூர் சொல்வார். சொந்தக்காரிக்கு அடுத்ததாகத்தான். சில நாய்கள் நின்று யோசித்துவிட்டுப் போகும்.

சங்கடம் கதாநாயகனுக்குத்தான். கௌபோயாக நடிப்பவர் றெமிஜியஸ். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை, கூசேன்வில்லிலிருந்து றெயிலேறி வருவார். மணியான குரல். ஆனால் நாடகம் முடிந்து தொலைபேசி எடுக்கிற ஒவ்வொருவரும் நாயைத்தான் விசாரித்தார்கள். ஆர்ஜொந்தெயிலிருந்து ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்: "போன கிழமை அந்தக் கௌபோய் தான் மட்டும் தண்ணி குடிச்சவன். நாய்க்குக் குடுத்தவனே? மனிசனே அவன்?" இன்னொருவர் நாய்க்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னார்.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் தவரத்தினம் அறிவித்தார், நாய் சாகப்போகிறது. கொள்ளைக்காரன் கௌபோயைக் குறிவைக்கிறான், நாய் குறுக்கே பாய்கிறது, வெடி நாய்மேல் படுகிறது.

"உந்தமாதிரிக் கதையிலை கடைசியா ஆள் தனியத்தான் போகவேணும், அண்ணை. அதுதான் முறை" என்றார்.

றெமிஜியஸுக்கு மிகுந்த சந்தோஷம். நாயின் பிணத்தின்மேல் விழுந்து அழ, அவருக்கு முழு நீளத்துக்கு ஒரு புலம்பல் எழுதியிருந்தது.

சவிரிமுத்து நெடுநேரம் தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார். "நாய் சாகாது" என்றார்.

"ஏன் சாகாது? துவக்காலை சுட்டாச் சாகாதே?"

"அது சாகிற நாயில்லை."

தவரத்தினம் அவர் தோளில் கைபோட்டார். "அண்ணை, யோசியாதேங்கோ. அடுத்த நாடகத்திலை உங்களை மனிசனாக்கிறன். நீதவானுக்குப் பக்கத்திலை நிக்கிற ஆள். ரெண்டு வசனம் கிடக்கு."

சவிரிமுத்து ஓம் என்று சொல்லவில்லை. அதைத் தவரத்தினம் கவனிக்கவும் இல்லை.

அன்று பின்னேரம் குளிர் அறையில் அவர் செத்துப் பார்த்தார். மெல்ல முனகி, மூச்சை இழுத்து, அடங்க வேண்டும். முனகல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அடங்க வேண்டிய இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு குரைப்பு எழும்பிவந்தது. மீன் பெட்டியில் கையூன்றி நின்று மறுபடி செத்தார், மறுபடியும் குரைத்தார். வம்பு பண்ண வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. உண்மையாகவே வரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னால் ஒன்று முடியாது என்று கண்டது அவருக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளூர ஏதோ இனிப்பாகவும் இருந்தது.

ஞாயிறு. நேரடி ஒலிபரப்பு. நாடகத்தின் ஓசைகளுக்குப் பொறுப்பான ஷிரோமி இரண்டு சிரட்டைகளைத் தட்டிக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கொள்ளைக்காரனும் தவரத்தினம்தான். "அசையாதை! கையைத் தூக்கு!" என்று உறுமிவிட்டுச் சைகை காட்ட, ஷிரோமி கோடு போடும் அடிமட்டத்தால் பிஸ்கட் தகரத்தில் ஓங்கி அடித்தார். வெடி. சவிரிமுத்து முனகினார். றெமிஜியஸ் கண்ணை மூடி, "என்ரை செல்லமே, என்னை விட்டிட்டுப் போட்டியே..." என்று தொடங்கினார்.

நாய் குரைத்தது.

தவரத்தினம் திகைத்து, எழுத்தில் இல்லாத இரண்டாவது குண்டைச் சுடச் சைகை காட்டினார். தகரம் அதிர்ந்தது. முனகல். "என்ரை செல்லமே, என்னை விட்டிட்டு..." மீண்டும் குரைப்பு, முன்னதைவிடத் தெளிவாக. மூன்றாவது வெடி. நாலாவது. கொள்ளைக்காரன் கைகூப்பி, ஒலிவாங்கிக்கு அப்பால் வாயசைத்துக் கெஞ்சினான்: அண்ணை, செத்துப்போங்கோ. சவிரிமுத்துவின் நெற்றியெல்லாம் வியர்வை. அவரும் கண்ணால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குரைத்தார்.

அடுத்த சைகைக்கு ஷிரோமி அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டார். "என்னாலை ஏலாது" என்று அவர் சொன்னது ஒலிபரப்பில் போய்விட்டது. பாலைவனத்தில் அந்தப் பெண் யார் என்று பிறகு பலரும் விசாரித்தார்கள்.

வானொலியில் அமைதி என்றால் உயிர்போகும். றெமிஜியஸ் கையிலிருந்த புலம்பலைப் பார்த்தார். இன்னும் முக்கால்வாசி கிடந்தது. றெயிலில் அழுது பழகியது. பிறகு எதிரே, தொப்பி நனைந்து, மூச்சு வாங்க நின்ற மனிதரைப் பார்த்தார். தாளை மடித்தார்.

"உனக்கு ஒண்டும் நடக்கேல்லையோடா?" என்று கேட்டார், கௌபோயின் குரலில் அல்ல, தன் சொந்தக் குரலில்.

ஒரு சின்னக் குரைப்பு.

"அப்ப எழும்பு. வா, போவம்."

ஷிரோமி சிரட்டைகளை எடுத்தார். குதிரை மெல்ல நடந்தது. அதன் பக்கத்திலேயே மூச்சு இரைக்க இரைக்க ஒரு நாயும் நடந்தது. குண்டெல்லாம் தீர்ந்துபோன கொள்ளைக்காரன் வேறு வழியில்லாமல், "சரி, சரி. ரெண்டு பேரும் கவனமாப் போங்கோ" என்று அனுப்பிவைத்தான்.

சவிரிமுத்து வீட்டுக்கு வந்தபோது அற்புதமலர் வாசலிலேயே நின்றார். அழுத முகம். வானொலி இன்னும் குசினியில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"எங்கை பட்டது?" என்றார்.

சவிரிமுத்து சற்று யோசித்தார். பிறகு சட்டையை உயர்த்தி, இடப்பக்க விலாவைக் காட்டினார். அற்புதமலர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்த இடத்தைப் பார்த்தார்.