பூட்டுக்காரரின் கூட்டல் குறி

என் அக்காவின் கணவர் எனக்கு வீட்டில் அத்தான். ஆபீஸில் எல்லோருக்கும் பூட்டு. செல்போன் ஆப் செய்யும் எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் டெஸ்டர். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள்.

பூட்டு என்ற பேர் சும்மா வரவில்லை. ஒரு ஆப்பை முழுக்க நாங்களே எழுதுவதில்லை. மேப்புக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று வெளியார் செய்த லைப்ரரிகளைச் சேர்த்துக்கொள்வோம். எல்லாவற்றையும் போனுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். லைப்ரரிக்காரர்கள் புதிய கம்பைலருக்கு மாறிவிட்டால், எங்களுடைய பழைய கம்பைலர் கையை விரித்துவிடும். அதனால் ஒவ்வொரு லைப்ரரிக்கும் பதிப்பு எண்ணைப் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது அத்தானின் சட்டம். எண்ணுக்குப் பதில் கூட்டல் குறி போட்டால், வெளிவருவதில் எது புதுசோ அதை அதுவாகவே இழுத்துக்கொள்ளும். "கூட்டல் போட்டவன் கையை ஒடிப்பேன்" என்பார். வீட்டில் பற்பசை மாறினால்கூட அக்காவிடம் விளக்கம் கேட்கிற மனுஷன் அவர்.

அன்று காலை ஆப்பைத் தொகுக்கும் பொது மிஷின் ஒரேயடியாக மக்கர் செய்தது. மேப் லைப்ரரி புதிய கம்பைலரில் செய்யப்பட்டது, என்னால் படிக்க முடியாது என்று சிவப்பெழுத்தில் கத்தியது. முந்தின நாள்வரை நன்றாக ஓடியது. அதற்குப்பின் கை வைத்தவர் ஒரே ஒருவர், நாங்கள் ரீஎன்ட்ரி என்று கூப்பிடும் பெண். இரட்டைப் பிள்ளைகளை வளர்த்து, பன்னிரண்டு வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பியவர். இருபத்தாறு ஆபீஸ்கள் வேண்டாம் என்ற பிறகு இங்கே கிடைத்த இடம். அன்றுதான் அவருடைய சோதனைக் காலத்தின் கடைசி நாள்.

"சார், நான் பட்டன் கலர் மட்டும்தான் மாத்தினேன். இது என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல நீங்க மாத்தினதை எடுங்கம்மா. பன்னெண்டு வருஷத்துல உலகம் எங்கயோ போயிடுச்சு" என்றார் அத்தான், இருபது பேர் முன்னால். கொல்லென்று சிரித்தோம். ரீஎன்ட்ரி தன் இடத்துக்குப் போய் எதையோ டைப் செய்ய ஆரம்பித்தார்.

அவர் மாற்றியதை எடுத்தும் சரியாகவில்லை. "அவங்க வேற எதையோ கலைச்சிருக்காங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு அத்தான் உட்கார்ந்தார். கம்பைலரைப் புதுசாக்கினார், வேறு ஐந்து லைப்ரரிகள் முறுக்கிக்கொண்டன. பழையதுக்கே திரும்பினார். லைப்ரரிகளின் பெரிய பட்டியலில் எல்லாம் கச்சிதமாகப் பூட்டியிருந்தன. மத்தியானம் மூன்றரைக்கு, மேப் பகுதிக்கென்று தனியாக இருந்த ஒரு குட்டி ஃபைலைத் திறந்தார். அங்கே உட்கார்ந்திருந்தது கூட்டல் குறி. முந்தின ராத்திரி வெளிவந்த புதிய மேப் லைப்ரரியை அதுதான் இழுத்துப் போட்டிருந்தது.

"எவன்டா இவன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வரியை எழுதியது யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். பக்கத்து நாற்காலியிலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தானின் பெயர். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, மணி பதினொன்று இருபது. அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த நாள் அது. போனில் விடாமல் கூப்பிட்டவளே நான்தான். அப்புறம் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார். அந்த அப்புறம் வரவேயில்லை.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எண்ணைப் போட்டார். ஆறு நிமிஷத்தில் மிஷின் பச்சை காட்டியது. இத்தோடு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பேசாமல் இருங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. அவர் எழுந்து மேனேஜர் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே ரீஎன்ட்ரி தோளில் பையோடு நின்றிருந்தார். மேஜைமேல் அவரை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம்.

"தப்பு அவங்க மேல இல்ல. நான் எழுதின வரி. கடிதத்தை என் பேருக்கு மாத்துங்க" என்றார் அத்தான். மேனேஜர் பேனாவும் கையுமாக உறைந்துபோனார்.

"தெரியும் சார்," என்றார் ரீஎன்ட்ரி. "பத்து மணிக்கே மெயில் போட்டேனே."

அத்தான் போனைத் திறந்தார். பத்து பன்னிரண்டுக்கு வந்த மெயில், பிரிக்காமலே கிடந்தது. எந்த ஃபைல், எந்த வரி, என்ன எண் போட வேண்டும், எல்லாம் மூன்றே வரியில். கூட்டல் போட்டவர் பெயர் மட்டும் இல்லை.

"யார் எழுதினதுன்னு பாக்கலையா?" என்றார் அத்தான்.

"பாத்தேன் சார். வரியை மாத்தினா போதுமே, ஆளை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

மேனேஜர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். ரீஎன்ட்ரி தன் இடத்துக்குத் திரும்பி, பையிலிருந்து சார்ஜரை எடுத்து மறுபடி சொருகினார். அத்தான் இருபது பேர் முன்னாலும் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். ஒருவரும் தலை நிமிரவில்லை. காலையில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.