மணலில் நட்ட குருசு

உப்புக்காற்றில் உருகும் மெழுகின் வாசனை மூக்கில் பட்டால், எனக்குக் கோயிலைவிட முதலில் ஆமைதான் ஞாபகத்துக்கு வரும். ஏழாம் வகுப்பு படித்த அந்தத் தவக்காலத்தில், நானும் அடுத்த வீட்டு அமலியும் விடியற்காலையில் கடற்கரைக்குப் போனபோது, டிராக்டர் டயர் உருண்டதுபோல் ஒரு தடம் தண்ணீரிலிருந்து மேலேறி, வலை உலர்த்தும் மேட்டில் வட்டமடித்துவிட்டு, மறுபடி கடலுக்கே திரும்பியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வனத்துறைக்காரர்கள் போட்டுக்காட்டிய படத்தில் பார்த்த அதே ஆமைத்தடம். உள்ளே முட்டை இருக்கிறது. வெளியே சொன்னால் தோண்டி அவித்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் யாராவது மீன்பிடி வள்ளத்தை அதன்மேல் இழுத்து வைத்துவிடுவார்கள். தடத்தைக் காலால் கலைத்துவிட்டு, இரண்டு கம்பைக் குறுக்காகக் கட்டிக் குருசாக்கி அங்கே நட்டோம். எங்கள் ஊரில் குருசு நின்ற மண்ணில் ஒருவரும் கைவைக்கமாட்டார்கள்.

கைவைக்கவில்லைதான். மூன்றாம் நாள் செலின் சித்தி அங்கே நேர்ந்துகொண்டு மெழுகுதிரி ஏற்றிவிட்டாள். ஓமானில் மீன்பிடிக்கப் போன சித்தப்பாவிடமிருந்து ஒரு மாதமாகப் போன் இல்லை. பிறகு ஆறேழு பெண்கள் மாலைதோறும் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தார்கள், அது ஊர் கும்பிடும் குருசடி ஆகிவிட்டது. காவலுக்கு ஆள் கிடைத்ததென்று நாங்கள் குதித்தோம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும் என்று அதே படத்தில் சொன்னது மறந்தே போயிற்று.

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள், இருட்டத் தொடங்குகையில் குருசடியில் மணல் உள்வாங்கி, கறுப்புக் குஞ்சுகள் புறப்பட்டு நேரே மெழுகுதிரிகளை நோக்கி ஊர்ந்தன.

"ஏட்டி, குருசு குட்டி போட்டிருக்கு" என்று யாரோ சிரித்தார்கள். அதற்குள் நாய்கள் வந்துவிட்டன.

"திரிய அணைங்க சித்தி. வெளிச்சத்தப் பாத்துத்தான் அதுவ கடலுக்குப் போவாம இங்க வருது" என்று கத்தினேன்.

"நேர்ச்சத் திரிய ஊதச் சொல்லுதியா? எனக்க மாப்பிள கடல்ல கெடக்காரு மக்கா."

சித்தி ஊதவில்லை. திரியைக் கையில் எடுத்து, உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். கணுக்கால் அலையில் திரியோடு நின்ற அவர்களைப் பார்த்துக் குஞ்சுகள் திரும்பின. இரண்டை நாய்கள் கவ்விவிட்டன. மற்றவை அலைக்குள் போயின. பத்து நாளில் சித்தப்பா போன் செய்தார். ஆமைகள் போய்ச் சொன்னதால்தான் என்பாள் சித்தி.

இன்று அந்த மேடு இல்லை. கடலரிப்புக்குக் கல் கொட்டிவிட்டார்கள், ஆமை ஏற மணல் கிடையாது. கல்லூரி விடுமுறையில் நான் அடுத்த ஊர் மணலுக்குப் போய்த்தான் வனத்துறையின் வலைவேலிக்குள் முட்டைகளுக்குக் காவல் நிற்கிறேன். எங்கள் கல்வரிசையின் மேல் சிமெண்ட் குருசடி இருக்கிறது. திரி வைக்கும் மாடம் ஊருக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்திருக்கிறது. கட்டும்போது, ஏன் இப்படி என்று கொத்தனார் கேட்டாராம்.

"அதுவளுக்கு வழி தெரியண்டாமா" என்றாளாம் செலின் சித்தி.